சொன்னது ஒன்று, புரிந்தது ஒன்று: பிறர் சொல்லைத் தவறாகப் பொருள்கொள்ளாமல் இருக்க ஒரு தொடக்க வழிகாட்டி

"எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். ஒருவர்கூட வரவில்லை என்கிறாரா, சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்கிறாரா? இரண்டுக்கும் அந்த வாக்கியம் இடம்கொடுக்கிறது. ஆனால் படிக்கிறவர் அங்கே நின்று யோசிப்பதில்லை. ஏதோ ஒரு பொருள் சட்டென்று மனத்தில் விழுகிறது. அதைத்தான் அவர் சொன்னார் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இந்த விஷயத்தில் உள்ள பெரிய தொல்லையே இதுதான்: தவறாகப் புரிந்துகொள்ளும்போதும், சரியாகப் புரிந்துகொண்ட மாதிரியேதான் இருக்கும். உள்ளுக்குள் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

அதனால் "கவனமாகக் கேளுங்கள், கவனமாகப் படியுங்கள்" என்ற அறிவுரை அதிகம் உதவுவதில்லை. கவனமாகக் கேட்டவர்களும்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உதவுவது சில கைப்பழக்கங்கள். புதிய வேலை, புதிய குழு, புதிய உறவு என்று எதற்குள் நுழைபவருக்கும் இவை முதல் வாரத்திலிருந்தே பயன்படும்.

பிழை எங்கே நுழைகிறது

பேசுகிறவர் மனத்தில் முழுப் படம் இருக்கிறது. வாயிலிருந்து வெளியே வருவது அதில் ஒரு துணுக்கு. மீதியைக் கேட்பவர் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார். நிரப்பியது யார் சரக்கு என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டியது. பலரும் அறிந்த பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்து அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுகிறவர் மனத்தில் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக் சத்தம்தான்.

எழுத்தில் குரலும் போய்விடுவதால் நிலைமை இன்னும் மோசம். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகச் சில வாக்கியங்களையும் மெய்யாகச் சில வாக்கியங்களையும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்கள். எது கிண்டல், எது மெய் என்பதைப் பெறுபவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். கண்டுகொண்டது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55" என்ற கணக்கைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. அவர் ஆராய்ந்தது விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும் பேச்சை மட்டும். அதிலும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும் நிலையை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். "இரண்டாம் மாடிக்கு வாருங்கள்" என்பதில் 93 சதவீதப் பொருள் முகத்திலா இருக்கிறது? தவறான புரிதலைப் பற்றி வகுப்பெடுப்பவர்களே தவறாகப் புரிந்துகொண்ட ஓர் ஆய்வு இது. சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: சொற்களை அப்படியே எடுத்து வையுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் சொன்ன சொற்கள், ஒரு எழுத்தும் மாறாமல். வலப்பக்கம் நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

இடப்பக்கம்: "அறிக்கையைப் பார்த்தேன். நாளைக்குப் பேசலாம்."
வலப்பக்கம்: அறிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குத் திட்டப் போகிறார்.

இப்போது வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் இடப்பக்கத்தில் எந்தச் சொல் ஆதாரம் என்று கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். "பிடிக்கவில்லை" என்பதற்கு ஆதாரச் சொல் எது? எதுவுமில்லை. கோடு கிடைக்காத துண்டுகள் எல்லாம் நீங்கள் நிரப்பியவை. அவை தவறு என்று பொருள் இல்லை. அவை ஊகம், அவ்வளவுதான். ஊகத்தை ஊகம் என்று தெரிந்து வைத்திருப்பதும், அவர் சொன்னதாகவே நம்புவதும் வேறு வேறு.

பேச்சாக இருந்தால் உடனே எழுதுங்கள். நினைவு கருத்தைத்தான் வைத்துக்கொள்ளும், சொல்லை உதறிவிடும். 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் செய்த சோதனையில், ஒரு வாக்கியத்துக்குப் பிறகு இன்னும் 80 அசைகள் கேட்டு முடிப்பதற்குள், அதாவது அரை நிமிடத்துக்குள், அதன் சொல்லமைப்பு மாறியிருப்பதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது. பொருள் மாறியிருந்தால் மட்டும் கண்டுபிடித்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போய் "அவர் அப்படித்தான் சொன்னார்" என்று சத்தியம் செய்யும்போது, பெரும்பாலும் உங்கள் வலப்பக்கத்தைத்தான் ஒப்பிக்கிறீர்கள்.

ஒவ்வொரு உரையாடலுக்கும் இதைச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. மனத்தைச் சுட்ட பேச்சு, பணமோ உடல்நலமோ சம்பந்தப்பட்ட பேச்சு, நீங்கள் பதில் நடவடிக்கை எடுக்கப்போகும் பேச்சு ஆகிய மூன்றுக்குப் போதும். இரண்டு வாரம் கையால் எழுதிப் பழகினால் பிறகு மனத்திலேயே ஓடும்.

படி 2: விடுபட்டதைத் தேடுங்கள்

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு. "சொல்லிவிட்டேன்" என்றால் யாரிடம்? "அனுப்பியாச்சு" என்றால் யார் அனுப்பினார், எதை, எந்த முகவரிக்கு? "-ஆச்சு" என்ற முடிவு செய்தவரை முற்றாக மறைத்துவிடும். நீங்கள் அனுப்பிவிட்டதாக அவரும், அவர் அனுப்பிவிட்டதாக நீங்களும் நினைத்துக்கொண்டு இருவரும் சும்மா இருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. யார், யாருக்கு, எதை, எப்போது, எவ்வளவு என்ற ஐந்தையும் வாக்கியத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். இல்லாததை உடனே நிரப்பாமல், கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

சுட்டுச் சொற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது, இது, அங்கே, அந்த வேலை, மேலே சொன்னது. பேசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்துதான் இவை எதையாவது சுட்டும். 1854 அக்டோபர் 25 அன்று, க்ரிமியப் போரின் பாலக்லாவா களத்தில், குன்றின் மேலிருந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு, பகைவர் பீரங்கிகளை எடுத்துச் செல்வதைத் தடுக்கும்படி குதிரைப்படைக்கு எழுத்தில் ஆணை அனுப்பினார். குன்றிலிருந்து பார்த்த அவருக்கு எந்தப் பீரங்கிகள் என்பதில் ஐயமே இல்லை: பக்கத்து மேட்டில் ரஷ்யர்கள் கைப்பற்றி இழுத்துக்கொண்டிருந்தவை. கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அவை கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டபோது, ஆணையைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டிய திசை பள்ளத்தாக்கின் கோடியை நோக்கியது. அங்கே ரஷ்யரின் பீரங்கி வரிசை நின்றது. ஏறத்தாழ 670 வீரர்கள் அதை நோக்கிக் குதிரையைச் செலுத்தினார்கள். சுமார் 110 பேர் மாண்டார்கள். நோலன் தொடக்கத்திலேயே இறந்துவிட்டதால் அவர் எதைக் காட்டினார் என்பதைப் பிறகு கேட்கவும் வழியில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் எளியது. "அது", "அந்த" என்று வந்தால், எழுதியவர் அப்போது எங்கிருந்து, எந்தத் திரையைப் பார்த்து, எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று கேளுங்கள். உங்கள் மேசையிலிருந்து தெரிவதும் அவர் மேசையிலிருந்து தெரிவதும் ஒன்றல்ல.

"நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு தமிழில் இருப்பது பெரிய வசதி. முன்னதில் கேட்பவரும் அடக்கம், பின்னதில் இல்லை. அவசரத்தில் எழுதுபவர்கள் இரண்டையும் கலந்துவிடுவார்கள் என்பதால், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தால் வேலை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டதா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 3: வாக்கியத்தை இன்னொரு விதமாகப் பிரித்துப் படியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. சொற்கள் எல்லாம் தெரிந்தவை; ஆனால் எது எதோடு சேர்கிறது என்பதில் பொருள் மாறிவிடுகிறது. மரபிலக்கணம் இதற்குப் 'பொருள்கோள்' என்று ஒரு பகுதியையே வைத்திருக்கிறது. செய்யுளுக்காகச் சொன்னது என்றாலும், அன்றாட வாக்கியத்துக்கும் அந்தக் கண் தேவை.

"நீங்கள் சொன்னபடி அவர் செய்யவில்லை." அவர் செய்ய மாட்டார் என்று நீங்கள் முன்பே சொன்னீர்கள், அதேபோல் நடந்தது என்று ஒரு பொருள். நீங்கள் ஒரு முறையைச் சொன்னீர்கள், அவர் அந்த முறையில் செய்யவில்லை என்று இன்னொரு பொருள். முதலாவதில் வேலையே நடக்கவில்லை. இரண்டாவதில் வேலை வேறு விதமாக நடந்திருக்கிறது.

"அவரைப் போல நான் பேச மாட்டேன்." அவர் பேசுகிறவரா, பேசாதவரா?

"புதிய கிளை மேலாளர்." புதியது கிளையா, மேலாளரா?

"-லாம்" என்ற விகுதி இன்னும் வழுக்கும். "போகலாம்" என்றால் உங்களுக்கு அனுமதி தருகிறார், அல்லது சேர்ந்து போவோம் என்கிறார், அல்லது போவதற்கு வாய்ப்பு உண்டு என்கிறார். "வேண்டும்" என்பதும் அப்படித்தான்: "நீங்கள் வர வேண்டும்" என்பது ஆசையா, கட்டாயமா? ஏகாரம் ஒன்றே போதும் குழப்பத்துக்கு. "நீங்களே செய்யுங்கள்" என்பதை நம்பிக்கையோடு பொறுப்பை ஒப்படைப்பதாகவும் படிக்கலாம், கைகழுவிவிட்டதாகவும் படிக்கலாம். பேச்சில் குரல் இதைத் தீர்த்துவைக்கும். எழுத்தில் தீர்க்க ஆள் இல்லை.

செய்முறை: முக்கியமான வாக்கியத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை, நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். 'புதிய' என்பதற்குப் பின் நிறுத்திப் படித்தால் மேலாளர் புதியவர். 'புதிய கிளை' என்று சேர்த்துப் படித்தால் கிளை புதியது. நிறுத்தம் மாறும்போது பொருளும் மாறினால் அந்த வாக்கியத்தை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். படி 6க்குப் போங்கள்.

எதிர்மறைக் கேள்விக்கு வரும் பதிலையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். "நீங்கள் வரவில்லையா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பவரும் வரவில்லை, "இல்லை" என்பவரும் வரவில்லை, சில சமயம் "இல்லை, வருகிறேன்" என்று சொல்ல வந்தவர் "இல்லை"யோடு நிறுத்தியும் விடுவார். இதைத் தீர்க்க முயல வேண்டாம். எதிர்மறையில் கேட்பதை விட்டு "வருகிறீர்களா?" என்று கேளுங்கள்.

படி 4: அந்தப் பேச்சு என்ன வேலை செய்கிறது?

சொற்பொருள் தெரிந்துவிட்டது. இனி, அவர் எதற்காக அதைச் சொன்னார்? பேச்சு செய்தி சொல்வதோடு நிற்பதில்லை, அதுவே ஒரு செயல் என்று 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் விளக்கினார். வாக்குக் கொடுப்பது, எச்சரிப்பது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் சொல்லாலேயே நடக்கின்றன. ஆனால் பள்ளி இலக்கணத்தில் நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த 'வினா ஆறு, விடை எட்டு' பகுதி இதற்கு இன்னும் கைக்கு எட்டிய கருவி. அதைத் தூசி தட்டி எடுங்கள்.

வினாக்கள் ஆறு: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. "பேனா இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்கிறார். அவருக்குப் பேனா வேண்டும் என்றால் அது கொளல் வினா. உங்களிடம் இல்லாவிட்டால் தரலாம் என்று கேட்டால் கொடை வினா. "அறிக்கை முடிந்ததா?" என்பது உண்மையிலேயே தெரியாமல் கேட்ட அறியா வினாவாக இருக்கலாம், சீக்கிரம் முடியுங்கள் என்ற ஏவலாகவும் இருக்கலாம். புதியவர்கள் பொதுவாக எல்லாக் கேள்வியையும் ஏவலாகவோ குற்றச்சாட்டாகவோ எடுத்துக்கொண்டு புண்படுகிறார்கள். பெரும்பாலான கேள்விகள் அறியா வினாக்கள்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

விடைகளில் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரான பதில்கள். மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. "நாளைக்குள் இதை முடித்துத் தருவீர்களா?" என்ற கேள்விக்கு வரக்கூடிய ஐந்தையும் பாருங்கள். "நீங்களே முடியுங்கள்" என்பது ஏவல் விடை. "முடிக்காமல் இருப்பேனா?" என்பது வினா எதிர் வினாதல். "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்பது உற்றது உரைத்தல். "இரவெல்லாம் விழிக்க வேண்டிவரும்" என்பது உறுவது கூறல். "முதல் பாதியைத் தருகிறேன்" என்பது இனமொழி. இவற்றில் முடிப்பேன், மாட்டேன் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் ஐந்தும் பதில்கள்தான். ஏவல், வினா எதிர் வினாதல், இனமொழி மூன்றும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரிகிறது. விபத்து நடப்பது உற்றதிலும் உறுவதிலும்தான். "காய்ச்சல்" என்றவர் மாட்டேன் என்கிறாரா, சிரமப்பட்டாவது முடிப்பேன் என்கிறாரா? கேட்டவர் தனக்கு வசதியான பக்கத்தை எடுத்துக்கொள்வார். இந்த இரண்டு வகைப் பதில் வந்தால் நேரான பதில் கிடைக்கும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

சொல்லாமல் உணர்த்துவதைப் பற்றிப் பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1967இல் வகுத்த கருத்தும் இங்கே உதவும். பேசுபவர் போதுமான அளவு, உண்மையாக, பொருத்தமாக, தெளிவாகப் பேசுவார் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு மீறப்பட்டால் அங்கே உட்பொருளைத் தேடுகிறார். ஒரு மாணவரின் அறிவுத்திறன் பற்றிப் பரிந்துரை கேட்டால், "ஒழுங்காக வகுப்புக்கு வருவார், மொழி நன்றாக வரும்" என்று மட்டும் எழுதியவர் மற்றதைச் சொல்லாமல் சொல்கிறார். ஆனால் உட்பொருளுக்கு ஒரு குணம் உண்டு: சொன்னவர் அதை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். "கெட்டிக்காரர் என்பதையும் சேர்த்து எழுத மறந்துவிட்டேன்" என்று அவர் சொன்னால் முரண்பாடு எதுவும் இல்லை. எனவே உட்பொருளை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டாதீர்கள். "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று தொடங்கும் சண்டைகளில் பாதி, அவர் சொல்லாத உட்பொருளைப் பற்றியவை.

குழூஉக்குறி ஓர் எச்சரிக்கைக்கு உரியது. ஒரு தொழிலாரிடம் பழகிய சொல்லுக்கு அவர்களுக்குள் வேறு பொருள் இருக்கும். கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒத்திப்போடுவது. நேர் எதிர். புதிய இடத்தில் முதல் மாதம் ஒரு சிறு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை அதில் எழுதுங்கள். தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்த சொல்தான் காலை வாரும்.

படி 5: மூன்று பொருள் எழுதுங்கள்

முதலில் தோன்றிய பொருளை எழுதுங்கள். இன்னும் இரண்டு எழுதுங்கள். ஒன்று, அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் என்ன பொருள் என்பது. மற்றொன்று, அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் என்ன பொருள் என்பது. அவசரத்தில் தட்டியிருக்கலாம், குரல்வழித் தட்டச்சு சொல்லை மாற்றியிருக்கலாம், வேறொருவருக்கு அனுப்ப வேண்டியது உங்களுக்கு வந்திருக்கலாம். வெறும் "சரி." என்ற ஒரு சொல் பதிலைக் கோபம் என்று படிப்பவர்கள் பலர், அதை அனுப்பியவர் படிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்திருப்பார்.

மூன்றில் எது உண்மை என்று இப்போது தீர்மானிக்க வேண்டாம். மூன்று உண்டு என்று மனம் ஒப்புக்கொண்டாலே போதும், பிடி தளரும். புண்பட்டிருக்கும்போது இரண்டாவது பொருளே தோன்றாது. அப்படியானால் பதில் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்

"புரிந்ததா?" என்ற கேள்வியும் "புரிந்தது" என்ற பதிலும் எதையும் உறுதிசெய்வதில்லை. தவறாகப் புரிந்தவரும் மனப்பூர்வமாக "புரிந்தது" என்றுதான் சொல்வார். "சரி", "ம்", "ஓகே" மூன்றும் இன்னும் ஆபத்து: காதில் விழுந்தது என்பதற்கும் அதே சொல், ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் அதே சொல்.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில், மூடுபனியில், ஓடுபாதையில் இருந்த விமானத்தின் துணை விமானி "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருள்படச் சொன்னார். புறப்படும் இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. காத்திருக்கும்படி அவர் அடுத்துச் சொன்னது, இன்னொரு விமானத்தின் வானொலிப் பேச்சு ஒரே நேரத்தில் குறுக்கிட்டதால் தெளிவாகக் கேட்கவில்லை. இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விமானப் போக்குவரத்தில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று வழக்கம் இறுகியது. ஆணையின் முக்கியப் பகுதிகளை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். "ஓகே" போதாது.

இதை உங்கள் அளவில் செய்யும் முறை: நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில், செயலாக, நேரத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். "அப்படியானால் நான் வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி மாலை 5 மணிக்குள் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் அனுப்புகிறேன், மூன்றாம் பகுதியை நீங்கள் எழுதுகிறீர்கள். இதில் எது தவறு?" கடைசியில் "சரிதானே?" என்று கேட்காதீர்கள், அது "சரி"யை வரவழைக்கும். "எது தவறு?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் தேடுவார். அவர் சொற்களையே ஒப்பிப்பதாலும் பயனில்லை. கிளிப்பிள்ளைக்கும் அது முடியும்.

விவாதத்தில் இதையே கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விதியாகப் பரிந்துரைத்தார்: எதிராளி சொன்ன கருத்தையும் உணர்வையும் அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்லலாம். சொல்ல எளிது. சூடான பேச்சின் நடுவே செய்து பாருங்கள், முதல் முயற்சியில் பெரும்பாலும் "இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் வந்தால் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கேட்கும் தொனியும் முக்கியம். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்பது விசாரணை போல ஒலிக்கும். "எதை மனத்தில் வைத்துச் சொன்னீர்கள்?" என்றால் விளக்கம் வரும். பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் திரும்பக் கேட்கத் தயக்கம் இருந்தால், விளக்கச் சொல்லாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கொடுங்கள்: "ஐயா, வரவில்லை என்றது எல்லாருமா, சிலரா?" ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு யாரும் எரிச்சல்படுவதில்லை.

எண், நாள், அளவு: இங்கே ஊகமே கூடாது

"அடுத்த வெள்ளி" என்றால் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா? "05/06" மே மாதமா, ஜூன் மாதமா? "14ஆம் தேதி இரவு 12 மணி" என்பது 14 தொடங்கும் நேரமா, முடியும் நேரமா? கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், நள்ளிரவுக்கு 11.59 என்று போடுங்கள்.

எண்ணோடு அலகு இல்லையென்றால் அது பாதித் தகவல். செவ்வாயை ஆராய நாசா அனுப்பிய கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999இல் அழிந்ததற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு-விசை நொடியில் தந்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் நொடியில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. மருத்துவக் குறிப்புகளில் இது இன்னும் நெருக்கமான ஆபத்து. 1.0 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 10 ஆகிவிடும். யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் எழுதினால் அது சுழியமாகப் படிக்கப்பட்டு மருந்து பத்து மடங்காகும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் இவை இரண்டும் உண்டு. ஒன்று என்றால் 1, அரை என்றால் 0.5, புள்ளிக்கு முன் சுழியம் வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் வேண்டாம்.

தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்த பிறகு

"நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை" என்று தொடங்காதீர்கள், அது உண்மையாகவே இருந்தாலும். பிழை நடந்த சொல்லைக் காட்டுங்கள்: "உங்கள் இரண்டாம் வரியில் 'போகலாம்' என்பதை நான் அனுமதி என்று படித்துவிட்டேன்." சொல்லைக் காட்டினால் பேச்சு சொல்லைப் பற்றியதாக இருக்கும், ஆளைப் பற்றியதாக மாறாது. அவரும் அடுத்த முறை அந்த இடத்தில் வேறு சொல் போடுவார்.

பிறகு பலரும் மறக்கும் வேலை ஒன்று இருக்கிறது. தவறான பொருளை நம்பி நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று பட்டியல் எடுங்கள். யாருக்கு அனுப்பினீர்கள், யாரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னீர்கள், எந்தத் தேதியை மாற்றினீர்கள், யார்மேல் மனத்தாங்கல் வைத்துக்கொண்டீர்கள். உங்களுக்குத் தெளிந்துவிட்டது; உங்களிடமிருந்து கேட்டவர்களுக்கு இன்னும் பழைய பொருள்தான். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, முன்பு சொன்னது எது, இப்போது சரியானது எது என்று இரண்டையும் சொல்லுங்கள். சரியானதை மட்டும் சொன்னால் அவர்கள் அதை இரண்டாவது செய்தியாக எடுத்துக்கொண்டு, பழையதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள்.